பாலத்தின் குறுக்கே ஒரு சைக்கிள்

போன வருஷம் ஆகஸ்ட் மாதக் கடைசி. மணாலியிலிருந்து லே போகும் மலைச் சாலையில் சார்ச்சு என்று ஓர் இடம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரே ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் ஓர் இரும்புப் பாலம். அந்தப் பாலத்தின் மேல்தான் நான் என் சைக்கிளைக் குறுக்கே படுக்கவைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே கோபம் மறுபடி ஏறுகிறது. ஏறட்டும்.

நானும் என் கணவரும் வடசென்னையில் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில், கேட் ஆபீஸில் இருக்கிறேன். உள்ளே வருகிற டிரெய்லர், வெளியே போகிற டிரெய்லர் எல்லாமே என் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். நாள் முழுக்க வடநாட்டு டிரைவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச ஹிந்தியும் அந்தச் சண்டைகளில் கற்றுக்கொண்டதுதான்.

சைக்கிள் எங்களுக்குக் கொரோனா காலத்தில் ஒட்டிக்கொண்டது. ரயில் கிடையாது, பஸ் கிடையாது, ஆனால் துறைமுகத்துக்கு மட்டும் லீவு கிடையாது. இரண்டு பேரும் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்தோம். ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் நாங்கள் சைக்கிளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணூர் பக்கம் கிளம்பிவிடுவோம். சில நாள் பழவேற்காடு வரைக்கும் போய்வருவோம். கண்டெய்னர் லாரிக்கும் மணல் குவிந்த ரோட்டோரத்துக்கும் நடுவில் ஒரு முழ இடம் கிடைத்தாலும் அதில் புகுந்து போய்விடுவோம். அப்படி ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் போனில் மலைச் சாலை வீடியோக்கள் பார்ப்பார். ஒரு மரம்கூட இல்லாத மலை, பாம்பு மாதிரி ரோடு, அதில் எறும்பு மாதிரி ஒரு சைக்கிள்காரன். "ஒரே ஒரு வாட்டி அங்க போயி ஓட்டிட்டு வந்துடணும்மே" என்பார்.

அப்படித்தான் அந்தக் குழுவில் சேர்ந்தோம். வருஷா வருஷம் மலைக்குச் சைக்கிள் பயணம் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். தென்சென்னையில் ஒரு காபிக் கடையில் அறிமுகக் கூட்டம் வைத்தார்கள். நடத்தியவரை எல்லாரும் லீடர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். நல்ல உயரம், நல்ல பேச்சு. நாங்கள் ராயபுரம் என்றதும் "ஓ, நார்த்தா?" என்று கேட்டு ஒரு நொடி நிறுத்தினார். அந்த ஒரு நொடி எங்களுக்குப் பழக்கமானதுதான். விட்டுவிட்டோம்.

அன்றைக்கு அவர் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அதைத் தட்டிக் காட்டி, "சேஃப்டிதான் எங்களுக்கு முதல். இது எப்பவும் நம்ம வேன்ல இருக்கும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

எங்கள் பக்கத்தில் மலைக்கு எங்கே போவது? மேம்பாலம்தான் எங்களுக்கு மலை. விடியற்காலையில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ராயபுரம் மேம்பாலத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகினோம். வண்டிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள். இரண்டு முறை ஏலகிரிக்குப் போய் ஏறினோம். டாக்டரிடம் காட்டி எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டோம். மகளை என் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். எங்கள் தரப்பில் எந்தக் குறையும் இல்லை. பின்னால் அவர்கள் பேசிய பேச்சுக்காக இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

மணாலியில் மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து ரோடு அடைபட்டு, கிளம்புவது தள்ளிப்போனது. கேலாங் என்கிற ஊரில் ஒரு நாள் முழுக்கத் தங்கி, உயரத்துக்கு உடம்பைப் பழக்கிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும் என்பது திட்டம். அந்த ஓய்வு நாளை லீடர் வெட்டிவிட்டார். "திரும்பற ஃப்ளைட்டை மாத்த முடியாது. எல்லாரும் ஃபிட்டாதான் இருக்கீங்க" என்றார். ஒன்றுக்குப் பத்து முறை இந்த மலைக்கு வந்த மனுஷன் சொல்கிறார், அவருக்குத் தெரியாதா என்று நினைத்தோம்.

பாரலாச்சா கணவாயில் ஏறியது என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான காலை. மூச்சுக்கு நாலு மிதிதான் மிதிக்க முடியும். செயின் ஓடுகிற சத்தமும் காற்றும் தவிர வேறு சத்தமே இல்லை. எங்கள் ஊரில் மூச்சை இழுத்தால் எதன் நாற்றமாவது கூடவே வரும், கரித்தூளோ, அமோனியாவோ, மீனோ. அங்கே இழுத்த மூச்சில் எதுவுமே இல்லை. உச்சியில் சைக்கிளை நிறுத்திவிட்டு என் கணவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். "இன்னாமே, வானம் இவ்ளோ நீலமாவா கீது?" என்றார். சிரித்துக்கொண்டே தலையை லேசாகப் பிடித்துக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

சார்ச்சுவில் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குத் தலைவலி அதிகமாகிவிட்டது. சாயங்காலம் சாப்பிட்ட கஞ்சியை அப்படியே வாந்தி எடுத்தார். நான் லீடரிடம் போய், "கொஞ்ச நேரம் ஆக்சிஜன் வைக்கலாமா?" என்று கேட்டேன். "அது எமர்ஜென்சிக்கு மேடம். இப்பவே குடுத்தா உடம்பு பழகாது. தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் வர்றதுதான்" என்று முடித்துவிட்டார்.

விடிந்தபோது என் கணவரால் நேராக நடக்க முடியவில்லை. குடித்தவர் மாதிரி பக்கவாட்டில் தள்ளாடினார். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். ஹெல்மெட் பட்டையை மாட்டப் பார்த்தார், விரல்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. நான் மாட்டிவிடப் போனால் குழந்தை மாதிரி என் கையைத் தட்டிவிட்டார். மலையில் உயரம் ஏறும்போது வருகிற இந்த வியாதியைப் பற்றி நான் படித்திருந்தேன். தலைவலி, வாந்தியோடு நின்றால் ஓய்வு எடுத்தால் போதும். நடை தடுமாறினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே கீழே இறங்கியாக வேண்டும்.

லீடரிடம் சொன்னேன். "வேனைத் திருப்புங்க சார். கேலாங்குக்குப் போயிடலாம்."

"ஒரே வேன் மேடம். அது திரும்பிப் போயிட்டா மீதி பன்னிரண்டு பேர் என்ன பண்றது? அவரை வேன்ல படுக்க வைங்க. மேல அடுத்த கேம்ப்ல மிலிட்டரி டாக்டர் இருப்பாங்க, பார்த்துக்கலாம்."

"அங்க போறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு கணவாய் ஏறணுமே சார். இதைவிட உயரமாச்சே."

அதற்கு அவர் என்னைப் பார்க்காமல், க்ளவுஸ் மாட்டிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஹார்பர்ல மூட்டை தூக்கறது வேற மேடம், மலை வேற. ஃபிட்னஸ் இல்லாம ஆசைப்பட்டு வந்தா இப்படித்தான்."

என் கணவர் மூட்டை தூக்குகிறவர் இல்லை. தூக்கினாலும் அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எங்கள் அப்பா தூக்கியவர்தான். அந்த வார்த்தை எனக்கு எங்கே குத்தியது என்றால், சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். முந்தின நாள் வரை எங்களோடு ஒரே தட்டில் பிஸ்கட் தின்றவர்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், பயணம் முழுக்க என்னோடு பேசிக்கொண்டே வந்தவள், கீழே குனிந்து தன் டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. அவரை வேனில் ஏற்ற வேண்டும், அது ஒன்றுதான் தெரிந்தது. பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் இரண்டு சைக்கிளையும் வேன் பின்னால் மாட்டினார்கள். மற்றவர்கள் முன்னால் ஓட்டிக்கொண்டு போனார்கள். வேன் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார். "பிரிட்ஜ் எறங்கிட்டோமா?" என்று கேட்டார்.

"எந்த பிரிட்ஜுயா?"

"நம்ம ராயபுரம் பிரிட்ஜுதாமே. ஷிஃப்ட்டுக்கு டைம் ஆயிகினு கீது, நீ இன்னா குந்திகினு கீற?"

நான் அவர் கன்னத்தைத் தட்டினேன். "யோவ், என்னப் பாரு. நான் யாரு சொல்லு." என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை.

வேன் டிரைவர் மணாலிக்காரர். அவரிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சிலிண்டரைக் கேட்டேன். வண்டியை நிறுத்தாமலேயே, சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று கை காட்டினார். இழுத்து எடுத்தேன். கூட்டத்தில் மேஜைமேல் வைத்து எங்களைக் கைதட்ட வைத்த அதே சிலிண்டர். முகமூடியை என் கணவர் மூக்கில் வைத்துத் திருகைத் திறந்தேன். ஒரு சத்தமும் இல்லை. முழுக்கத் திருகினேன். ஒன்றும் இல்லை. மீட்டரைப் பார்த்தால் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"இதில் காற்று இல்லையே" என்றேன். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். போன பயணத்தில் வந்த ஒருத்தருக்கு வைத்ததில் தீர்ந்துவிட்டது, மணாலியில் நிரப்பலாம் என்று தான் இரண்டு முறை சொன்னதாகவும், நேரமில்லை என்று லீடர் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முந்தின நாள் சாயங்காலம் நான் போய்க் கேட்டபோதே அந்த ஆளுக்கு அது காலி என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் "உடம்பு பழகாது" என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். என் கை கால் எல்லாம் ஒரு மாதிரி சூடாகிவிட்டது. அத்தனை குளிரில்.

வண்டியைத் திருப்பச் சொல்லி டிரைவரிடம் கேட்டேன். லீடரைக் கேட்காமல் திருப்பினால் தன் வேலை போய்விடும் என்றார். போனில் பேசலாம் என்றால் அந்த இடத்தில் சிக்னலே கிடையாது. அப்போதுதான் அந்த இரும்புப் பாலம் வந்தது. பாலத்துக்கு முன்னால் லீடர் கையைக் காட்டி வேனை நிறுத்தினார். எங்கள் நிலைமையைப் பார்க்கத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்தேன். இல்லை. பாலத்தில் எல்லாரும் வரிசையாக ஓட்டிப் போவதை ட்ரோன் விட்டுப் படம் எடுக்க வேண்டுமாம். படத்தில் வேன் வரக்கூடாதாம்.

நான் இறங்கினேன். வேன் பின்னால் போய் என் சைக்கிளைக் கழற்றினேன். உருட்டிக்கொண்டு போய்ப் பாலத்தின் மேல் குறுக்கே படுக்கவைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். எங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு ரோட்டில் உட்காருவோம். கண்டெய்னர் லாரி யாரையாவது அடித்துப்போட்டால் ரோட்டில் உட்காருவோம். ஆறு மாதம் மனு கொடுத்து நடக்காதது அரை மணி நேரம் உட்கார்ந்தால் நடக்கும். அது என் உடம்பிலேயே ஊறிக் கிடந்திருக்கிறது.

"மேடம், என்ன இது? ரோட்டை பிளாக் பண்ணக் கூடாது. இது மிலிட்டரி ரோடு, அரெஸ்ட் பண்ணிடுவாங்க" என்று லீடர் ஓடிவந்தார்.

"பண்ணட்டும். மிலிட்டரி வந்தா டாக்டரும் வருவாரு."

"சீன் போடாதீங்க மேடம். எல்லாரோட ட்ரிப்பும் கெடுது."

"உன் சிலிண்டர்ல காத்து இல்ல. தெரியுமா தெரியாதா? அத்த மொதல்ல சொல்லு."

அதுவரை அவரிடம் நான் வாங்க போங்க என்றுதான் பேசியிருந்தேன். யார்டில் பேசுகிற பேச்சும் வீட்டில் பேசுகிற பேச்சும் ஒன்றாகக் கலந்து வாயில் வந்தது. மூச்சு வாங்க வாங்கக் கத்தினேன். அந்த உயரத்தில் கத்தினால் கண் இருட்டுகிறது. இருட்டியது, அப்படியும் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை ஒரு பத்திரிகையில் எழுத முடியாது. சுற்றி நின்றவர்கள் யாரும் அவரைப் பார்த்துச் சிலிண்டர் காலியா என்று கேட்கவில்லை. ஒருவர் என்னிடம் "கொஞ்சம் டீசன்ட்டா பேசுங்க சிஸ்டர்" என்றார். உள்ளே ஒரு மனிதன் சாகக் கிடக்கிறான், இவருக்கு டீசன்ட் வேண்டும். இன்று வரைக்கும் எனக்கு ஆறாத இடம் அதுதான்.

அந்த நேரம் பாலத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி வந்து நின்றது. லேயில் எண்ணெய் இறக்கிவிட்டு மணாலிக்குத் திரும்புகிற காலி லாரி. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். காதுவரை கம்பளித் தொப்பி. முகத்தில் கடும் எரிச்சல். என்னை ஓட்டத்தான் வருகிறார் என்று தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, வேனைக் காட்டி, என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். என் வீட்டுக்காரர், நடக்க முடியவில்லை, என்னையே அடையாளம் தெரியவில்லை, ஆக்சிஜன் இல்லை, இவர்கள் மேலே கொண்டுபோகிறார்கள் என்று.

அவர் நேராக வேனுக்குப் போனார். கதவைத் திறந்து என் கணவரின் முகத்தைப் பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், பெயர் கேட்டார். பதில் இல்லை. லீடர் பின்னாலேயே போய் இங்கிலீஷில் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். டிரைவர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "நீச்சே ஜாயேகா. மேரே சாத்" என்றார். கீழே போக வேண்டும், என்னோடு வா என்று.

அவரும் வேன் டிரைவரும் சேர்ந்துதான் என் கணவரைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். வேன் டிரைவர் லீடரின் அனுமதியைக் கேட்கவில்லை. அவர்கள் தூக்குவதைப் பார்த்த பிறகு குழுவில் இரண்டு பேர் வந்து கால் பக்கம் பிடித்தார்கள். டேங்கரில் ஏற்றியதும் என் சைக்கிளை யாரோ ஓரமாக இழுத்துப் போட்டார்கள். வேன் பின்னால் போய் வழிவிட்டது. நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மலையில் ஒரு கொடுமை என்னவென்றால், கீழே இறங்க வேண்டும் என்றால் முதலில் மேலே ஏற வேண்டும். முந்தின நாள் நாங்கள் ஏறிவந்த பாரலாச்சா நடுவில் நிற்கிறது. அதை ஏறித் தாண்டினால்தான் இறக்கம். டிரைவர் இன்ஜின் சூடு முழுவதையும் கேபினுக்குள் திருப்பிவிட்டார். தன் போர்வையை எடுத்து அவர்மேல் போட்டார். லாரி ஏற ஏற என் கணவரின் மூச்சு குறுகிக்கொண்டே வந்தது. கேபினிலேயே வாந்தி எடுத்தார். நான் துடைக்கப் போனேன். "சோடோ, சோடோ. உஸ்கோ பக்டோ" என்றார் டிரைவர், அதை விடு, அவரைப் பிடி என்று. வழியில் டீக்கடைக் கூடாரங்கள் வந்தன. எதிரே வந்த லாரிக்காரர்கள் தெரிந்தவர்கள் போல, கையைத் தூக்கினார்கள். அவர் எங்கும் நிற்கவில்லை.

உச்சியில் முந்தின நாள் நாங்கள் சைக்கிளோடு நின்ற இடத்தைத் தாண்டிப் போனோம். என் மகளுக்குப் போனில் என்ன சொல்வது என்று யோசித்தேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்த வாய், நடு நடுவே அந்த லீடரைத் திட்டிக்கொண்டும் இருந்தது. இரண்டும் மாறி மாறி வந்தன. மாதா மன்னிப்பார்.

கணவாயைத் தாண்டி வளைவு வளைவாக இறங்க ஆரம்பித்தோம். ரோட்டோரத்தில் பச்சை தெரிய ஆரம்பித்தது, பிறகு ஒரு மரம், பிறகு வயல். மடியில் கிடந்தவர் மெல்ல அசைந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு லாரி கேபினை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"இன்னாமே, லாரில போயிகினு கீறோம்? என் சைக்கிள் எங்க?"

நான் அப்போதுதான் அழுதேன். டிரைவருக்கு என்ன பேசினோம் என்று புரியவில்லை. ஆனால் புரிந்த மாதிரி ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

கேலாங் ஆஸ்பத்திரி வாசலில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே போய்த் தானே தள்ளுவண்டி இழுத்துவந்தார். ஆக்சிஜன் வைத்து ஊசி போட்டார்கள். டாக்டர் என்னிடம், "நல்ல நேரத்தில் இறக்கிவிட்டீர்கள். அடுத்த கணவாயும் ஏறியிருந்தால்..." என்று சொல்லிவிட்டு ஆக்சிஜன் மீட்டரைப் பார்க்கத் திரும்பினார். நான் வெளியே வந்து பார்த்தபோது டிரைவர் கேபினைக் கழுவிவிட்டு ஏறிக்கொண்டிருந்தார். நான் ஏதோ கொடுக்கப் பையைத் திறந்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார். "உன்னைப் பார்த்தபோது உன்னைத் திட்டத்தான் இறங்கினேன், தங்கச்சி" என்று சொல்லிச் சிரித்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் இருக்கிறது.

நாங்கள் ஊர் திரும்பிச் சில வாரத்தில் அந்தக் குழுவின் வீடியோ வந்தது. மேலிருந்து எடுத்த படம். அதே பாலத்தில் வரிசையாகச் சைக்கிள்கள். பின்னணியில் பாட்டு. எல்லாரும் பத்திரமாகப் பயணத்தை முடித்ததாக எழுதியிருந்தார்கள். கீழே யாரோ எங்களைப் பற்றிக் கேட்டதற்கு, "தகுந்த உடற்பயிற்சி இல்லாமல் வந்த ஒருவர் பாதியில் திரும்பினார்" என்று பதில் போட்டிருந்தார்கள். எங்களை லாரியில் ஏற்றிய பிறகு அவர்கள் பாலத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது வந்த கோபம், பாலத்தில் வந்ததைவிடப் பெரிது.

நடந்ததை அப்படியே எழுதிப் போட்டேன். லீடர் போன் செய்தார். அடுத்த வருஷம் எங்கள் இரண்டு பேரையும் இலவசமாகக் கூட்டிக்கொண்டு போவதாகவும், அந்தப் பதிவை மட்டும் எடுத்துவிடும்படியும் சொன்னார். எங்கே, கல்லறைக்கா கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டேன். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டேன்.

அவர்களின் அடுத்த அறிமுகக் கூட்டத்துக்கு நான் போனேன். யூனிபார்மோடு, யார்டிலிருந்து நேராக. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதுகாப்பு பற்றி அவர் பேச ஆரம்பித்ததும் எழுந்து நின்றேன். சத்தம் போடவில்லை. போன வருஷம் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் சிரித்த முகத்தோடு, "மேடம் அன்னைக்குக் கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டாங்க" என்றார். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, சிலிண்டர் காலியா இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். லீடர் தண்ணீர் குடித்தார். "அது ஒரு சின்ன மிஸ்டேக் சார். இப்ப சரி பண்ணியாச்சு" என்றார்.

அந்தப் பெரியவரும் இன்னும் நாலைந்து பேரும் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். நான் வெளியே வரும்போது உள்ளே கூட்டம் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் ஏதோ பெரிய நியாயம் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், நடக்கிறது.

டயரை அமுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண், ஒரு நாள் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். "அன்னைக்கு நான் பேசியிருக்கணும் அக்கா. பயமா இருந்துச்சு" என்று. நான் இன்னும் பதில் போடவில்லை. போடுவேனா என்று தெரியவில்லை. அவள்மேல் இருக்கிற கோபம் வேறு மாதிரிக் கோபம், அதற்கு எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.

என் கணவருக்கு இப்போது உடம்பு சரியாகிவிட்டது. வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை என்னோடு சைக்கிளும் ஓட்டுகிறார். ஆனால் சார்ச்சு கூடாரத்துக்குப் பிறகு லாரி கேபினில் கண் விழிக்கும் வரை நடந்தது எதுவுமே அவர் ஞாபகத்தில் இல்லை. சில சமயம், "சொல்லேம்மே, பாலத்துல இன்னா பேசுன?" என்று கதை கேட்கிற மாதிரி கேட்பார். நான் சொல்ல ஆரம்பித்தால் முகம் சிவந்து, குரல் ஏறி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குப் போய்விடும். "சரி சரி, உடு, வுட்டா இங்கியே மறியல் பண்ணுவ போலகீது" என்று அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

பொம்பளப் பிள்ளைக்குக் கோபம் ஆகாது, குரலை உசத்தாதே, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள்; அவர்கள் பேச்சை அன்று நான் கேட்டிருந்தால், இன்று எங்கள் வீட்டில் ஓர் ஆள் குறைந்திருக்கும்.